காடியைத் துடைத்த பிறகு பசையைப் பற்றிப் பேசலாம்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் நீண்ட கடிதமும் அதோடு வைத்திருந்த படங்களும் கிடைத்தன. நாகப்பட்டினத்து உப்புக்காற்றில் இருபது வருடமாக ஓடும் கார். அப்பா ஆசையாக வாங்கியது, விற்க மனம் வரவில்லை. இடதுபக்க டெயில் லேம்புக்குள் மழைத்தண்ணீர் தேங்குகிறது. நீங்களே கழற்றிப் பிரித்து, சிலிக்கோன் வைத்து ஒட்டி மாட்டியும் அடுத்த மழைக்கே மறுபடி தண்ணீர். மெக்கானிக் புது லேம்ப் போடச் சொல்கிறார், கடைக்காரரோ அந்த மாடலுக்கு இப்போது வருவதே இல்லை என்கிறார். கடைசியில், "எந்தப் பசை வாங்கினால் நிற்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பசைக்குக் கட்டாயம் வருகிறேன். ஆனால் நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தைப் பார்த்ததும் எனக்கு வேறொன்று சொல்லத் தோன்றியது. லென்ஸின் விளிம்பு உட்காரும் காடியை அந்தப் படத்தில் நெருக்கமாக எடுத்திருக்கிறீர்கள். காடியின் அடியில் கம்பெனியில் வைத்த பழைய பசை கறுப்பாக, பளபளப்பாக அப்படியே கிடக்கிறது. அதன் மேல் நீங்கள் வைத்த சிலிக்கோன் வெள்ளைப் பட்டையாகப் படிந்து, ஒரு முனையில் தோலாக உரிந்து நிற்கிறது. உரிந்த தோலின் அடிப்பக்கத்தில் கறுப்புத் தீற்றல் தெரிகிறது. அதாவது அந்த இடத்தில் சிலிக்கோன் பிளாஸ்டிக்கைத் தொடவே இல்லை. நீங்கள் வாங்கியது நல்ல பசைதான். எவ்வளவு விலை கொடுத்து எதை வாங்கியிருந்தாலும் அந்த இடத்தில் அது தோற்றுத்தான் போயிருக்கும். உதிரும் சுண்ணாம்பின் மேல் புது பெயின்ட் அடித்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருக்கிறது.

அந்தக் கறுப்புப் பொருள் பெரும்பாலும் பியூட்டைல் ரப்பரை அடிப்படையாகக் கொண்ட பசை. 1937-இல் அமெரிக்காவின் ஸ்டாண்டர்டு ஆயில் ஆய்வகத்தில் வில்லியம் ஸ்பார்க்ஸ், ராபர்ட் தாமஸ் என்ற இருவர் உருவாக்கிய ரப்பர் அது. காற்றையும் ஈரத்தையும் தன் வழியே விடாமல் தடுப்பதில் இயற்கை ரப்பரைவிடப் பல மடங்கு கெட்டி. அதனால்தான் சைக்கிள், லாரி ட்யூப்களுக்கெல்லாம் அது வந்தது. ட்யூபில் இருப்பது வல்கனைஸ் செய்து இறுகவைத்த வகை. விளக்கின் காடியில் இருப்பது இறுகாத வகை. எத்தனை வருடமானாலும் அது முழுக்கக் கெட்டியாகாமல் பிசுக்காகவே இருக்கும், சூடு காட்டினால் இளகும், ஆறினால் மறுபடி பிடித்துக்கொள்ளும். விளக்கைப் பிரிக்க முடிகிறது என்றால் அதன் தயவில்தான். பழைய பசையின் மேல் எதை வைத்தாலும் நிற்காமல் போவதற்கும் அதே குணம்தான் காரணம். மேலே போட்ட சிலிக்கோன் இறுகி ஒரே துண்டாகிவிடும். அடியில் இருப்பது வெயிலில் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் முடியளவு இடைவெளி விழுந்தால் போதும்.

முடியளவு இடைவெளி போதும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. டெயில் லேம்ப் மூச்சு விடுகிற பொருள். பல்பு எரியும்போது உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிகிறது. 25 டிகிரியில் இருந்த காற்று 60 டிகிரிக்குப் போனால் சுமார் 12 சதவீதம் கூடுதல் இடம் கேட்கும். அந்த அளவு காற்று வெளியே போயாக வேண்டும். விளக்கை அணைத்ததும், அல்லது சூடாக இருக்கும் விளக்கின் மேல் மழை கொட்டியதும், போன காற்று திரும்ப உள்ளே இழுபடும். இழுபடும் வழியில் விரிசலும், விரிசலின் வாயில் மழைத்தண்ணீரும் இருந்தால், விளக்கு தண்ணீரைத்தான் குடிக்கும். இது நடக்கக்கூடாது என்றுதான் விளக்கின் முதுகில் ஒரு மூச்சுத்துளை வைத்திருப்பார்கள். சிலவற்றில் வளைந்த சின்ன ரப்பர் குழாயாக இருக்கும். சிலவற்றில் காற்றை விட்டு நீர்த்துளியைத் தடுக்கும் மெல்லிய சவ்வை வட்டமாக ஒட்டியிருப்பார்கள். அந்தத் துளை அடைபட்டால் விளக்கு வேறு எங்காவது வழி தேடும்.

ஆகவே அடுத்த முறை பிரிப்பதற்கு முன்னால் முதுகைப் பாருங்கள். நம் ஊரில் குளவி அந்தத் துளையை விடுவதில்லை. மண் வைத்துப் பூசிவிட்டுப் போய்விடும். உங்கள் படத்தில் துளை தெரியவில்லை. அதன் மேலும் சிலிக்கோன் பூசியிருக்கிறீர்களோ என்று ஒரு சந்தேகம் இருக்கிறது. பூசியிருந்தால் முதல் வேலை அதை எடுப்பது. பல்பு ஹோல்டரைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தையும் பாருங்கள், காய்ந்து வெடித்திருந்தால் அதுவே வழியாக இருக்கலாம். லென்ஸில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று உள்ளே டார்ச் அடித்து வெளியிலிருந்து பாருங்கள். இன்னொன்று, மழை நாளில் லென்ஸின் உட்புறம் லேசாகப் பனி படர்ந்து, விளக்கை எரியவிட்டதும் மறைந்தால் அது கோளாறு இல்லை. பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. மாட்டியவர்களுக்கு இந்தப் பனி அதிக நேரம் நிற்கும், எல்.இ.டி. அவ்வளவு சூடு தராது. தண்ணீர் துளியாக ஓடி அடியில் தேங்கினால்தான் பிரிக்க வேண்டிய வேலை. உங்களுடையது தேங்குகிறது, அதனால் மேலே சொல்கிறேன்.

"கொஞ்சம் தண்ணீர்தானே, அடியில் ஒரு துளை போட்டு வடிய விட்டுவிடலாம்" என்று ஒருவர் யோசனை சொன்னதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம். தண்ணீர் வடியும், ஈரம் வடியாது. பல்பு ஹோல்டரின் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். எர்த் போகும். எர்த் சரியாகக் கிடைக்காத விளக்கில் கரண்ட் பக்கத்து பல்பு வழியாகத் திரும்பப் பார்க்கும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும், இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட் சேர்ந்து துடிக்கும். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் நிற்கப் போகிறீர்களா, திரும்பப் போகிறீர்களா என்று புரியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஐப்பசி மழையில், இரவில், உங்கள் வண்டியைப் பற்றிப் பின்னால் வரும் பஸ் டிரைவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த இரண்டு சிவப்புப் புள்ளிகள்தான். இந்த வேலையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வது அதனால்தான்.

அந்தக் காலத்து அம்பாசடர், பத்மினியில் இந்தத் தொல்லை இல்லை. திருகாணியைக் கழற்றினால் லென்ஸ் கையோடு வரும், அடியில் ஒரு ரப்பர் கேஸ்கெட், மாற்றிவிட்டு முறுக்க வேண்டியதுதான். பிறகு காடியில் பசை வந்தது. அதற்கும் பிறகு லென்ஸையும் கூட்டையும் சூட்டிலேயே உருக்கி ஒன்றாக்கும் முறை வந்துவிட்டது. இப்போது வரும் டெயில் லேம்புகளில் பல அப்படித்தான், பசையே கிடையாது. லென்ஸும் கூடும் சேரும் இடத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். காடியும் அதில் பிசுக்கும் தெரிந்தால் பசை. உருகி வழிந்து உறைந்த பிளாஸ்டிக் விளிம்பு தெரிந்தால் வெல்டிங். வெல்டிங் விளக்கை எவ்வளவு சூடு காட்டினாலும் பிரியாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அறுத்ததைப் பழையபடி சேர்ப்பது வேறு வித்தை. வீட்டில் செய்யச் சொல்லமாட்டேன். உங்களுடையது பசை வைத்தது, படத்திலேயே தெரிகிறது.

சூடு விஷயத்தில் நீங்கள் தப்பித்தது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன். ஓவனில் 100 டிகிரியில் வைத்தேன் என்று எழுதியிருந்தீர்கள். அது ஹெட்லைட்டுக்குச் சொல்லும் கணக்கு. ஹெட்லைட்டின் லென்ஸ் பாலிகார்பனேட், அது இளகுவதற்கு 145 டிகிரிக்கு மேல் போக வேண்டும். டெயில் லேம்பின் சிவப்பு லென்ஸ் பெரும்பாலும் அக்ரிலிக். அக்ரிலிக் 100 டிகிரியை ஒட்டியே தளர ஆரம்பித்துவிடும், பின்கூட்டில் இருக்கும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கும் கிட்டத்தட்ட அப்படியே. சற்றே கோணிக்கொண்டால்கூடப் பிறகு எந்தக் காடியிலும் சரியாக உட்காராது. 70, 80 டிகிரி போதும். ஹீட் கன் என்றால் அதன் வாயில் காற்று 400, 500 டிகிரியில் வரும். அதனால் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருங்கள். என்னைக் கேட்டால் வெயிலை முதலில் பயன்படுத்துங்கள். பல்பு, ஹோல்டர், ஒயர் எல்லாம் எடுத்துவிட்டு, விளக்கை மதியம் கண்ணாடி ஏற்றிய காருக்குள் முன் டேஷ்போர்டின் மேல் இரண்டு மணி நேரம் வைத்துவிடுங்கள். பாதி இளகியிருக்கும். மீதிக்கு ஹேர் டிரையர் போதும். பிரிக்கும்போது இரும்பு ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பாதீர்கள். அகலமான பிளாஸ்டிக் பட்டையைச் செருகி, ஒரு மூலையிலிருந்து மெல்ல வாருங்கள். மறைவாக இருக்கும் க்ளிப்பும் திருகாணியும் எடுத்தாகிவிட்டதா என்று இரண்டு முறை பார்த்த பிறகு இழுங்கள்.

இனி உண்மையான வேலை. ஒரு விளக்கின் காடியைச் சுத்தம் செய்ய ஒரு மதியம் முழுக்கப் போகும் என்று முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று உட்காருகிறவர்கள்தான் தின்னரைத் தேடுகிறார்கள்.

பியூட்டைலை எடுப்பதில் சூடுதான் எல்லாம். கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது சுரண்டினால் அது வராது, காடி முழுக்க மெழுகிக்கொள்ளும், நூல்நூலாக இழுத்து ரிஃப்ளெக்டரிலும் சட்டையிலும் ஒட்டும். முழுக்க ஆறிவிட்டால் துண்டு துண்டாக அறும். கை வைத்தால் வெதுவெதுப்பாகத் தெரிகிற பதத்தில், ஒரு முனையை மட்டும் கிளப்பிப் பிடித்து, காடியோடு படுக்கவைத்த கோணத்தில் மெதுவாக இழுத்தால் நீளப் பட்டையாகவே வந்துவிடும். அவசரப்பட்டு மேலே செங்குத்தாகத் தூக்கினால் அறுந்துவிடும். கிளப்புவதற்கு இரும்பு வேண்டாம். மூங்கில் குச்சியைக் காடியின் அகலத்துக்குச் சீவி, முனையைத் தட்டையாக்கிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கில் விழும் கீறல் ஒவ்வொன்றும் பிறகு தண்ணீர் போகும் வாய்க்கால்.

பட்டை வந்த பிறகு காடியில் கறுப்புத் திட்டுகள் மிஞ்சும். இங்கே சென்னையில் ஒரு டிங்கரிங் கடைப் பெரியவர் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். எடுத்த பியூட்டைலையே நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, விரலில் வைத்து, திட்டின் மேல் ஒற்றி ஒற்றிச் சட்டென்று எடுப்பார். பிளாஸ்டிக்கைப் பிடித்திருப்பதைவிட அது தன் இனத்தைத்தான் அதிகமாகப் பிடிக்கும். உருண்டையோடு திட்டும் வந்துவிடும். உருண்டையில் தூசி ஏறினால் மடித்துப் பிசைந்துகொள்வார். எந்த ரசாயனமும் இல்லாமல் பத்தில் ஒன்பது பங்கு போய்விடும்.

மீதி ஒரு பங்கு மெல்லிய படலம். கையில் தட்டுப்படாது, டார்ச்சைச் சாய்த்து அடித்தால் மின்னும். அது அதிகமாகத் தங்குவது, விளக்கு காரின் பின்பக்கத்திலிருந்து பக்கவாட்டுக்கு வளையும் அந்த மூலையில்தான். அங்கே காடியின் இரு சுவரும் நெருங்கி வரும், குச்சி அடி வரை போகாது. நீங்கள் அனுப்பிய படத்தில் சிலிக்கோன் உரிந்திருப்பதும் அதே மூலையில்தான், கவனித்தீர்களா? பின்கூட்டின் காடியில் மட்டும், துணி நுனியில் துளி மண்ணெண்ணெய் தொட்டு, குச்சியில் சுற்றித் துடைக்கலாம். பிறகு பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை கழுவ வேண்டும். மண்ணெண்ணெயின் எண்ணெய்ப் பசை மிஞ்சினால் அதுவே புதுப் பசையை ஒட்டவிடாது. முதலில் வெளியே தெரியாத ஓரிடத்தில் தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

லென்ஸ் பக்கம் மண்ணெண்ணெயும் வேண்டாம். தின்னர், அசிட்டோன், பெட்ரோல், ஸ்பிரிட் எதையும் அதன் அருகே கொண்டுபோகாதீர்கள். தின்னரும் அசிட்டோனும் அக்ரிலிக், ஏ.பி.எஸ். இரண்டையுமே கரைக்கும், அது கண்ணெதிரே தெரியும். ஸ்பிரிட் செய்வது கண்ணுக்குத் தெரியாது. அச்சில் வார்க்கும்போதே அக்ரிலிக்குக்குள் இறுக்கம் தங்கியிருக்கும். ஸ்பிரிட் பட்டால் அந்த இறுக்கம் மயிரிழை வெடிப்புகளாகத் திறந்துகொள்ளும். துடைத்த அன்றைக்கு ஒன்றும் தெரியாமல் இருந்து, சில நாள் கழித்து விளிம்பு நெடுக வெள்ளிக் கோடுகள் எழும்பும். போன லென்ஸ் போனதுதான். லென்ஸுக்குப் பியூட்டைல் உருண்டை, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், கட்டைவிரல் நகம், இவை போதும். உள்ளே பளபளக்கும் ரிஃப்ளெக்டரைத் துணியால் தொடவே கூடாது. அதில் இருப்பது வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம். ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். துடைத்தால் துணியோடு வந்துவிடும். தூசியை ஊதி எடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

உங்களுக்கு இன்னொரு வேலையும் கூடியிருக்கிறது. இறுகிய சிலிக்கோனை எடுக்க வேண்டும். பியூட்டைல் சூட்டுக்கு மசியும், சிலிக்கோன் மசியாது. பிளாஸ்டிக்கைக் கெடுக்காமல் அதைக் கரைக்கும் திரவமும் நம் கைக்கு எட்டும் கடைகளில் இல்லை. உரிப்பதுதான் வழி. பியூட்டைலின் மேல் படிந்த இடத்தில் சுலபமாக வரும். நேராக பிளாஸ்டிக்கைத் தொட்ட இடங்களில் மூங்கில் முனையால் கிளப்பி உரித்துவிட்டு, மிஞ்சிய படலத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் திரிதிரியாக உருண்டு வரும். இறுகிய சிலிக்கோனின் மேல் புதுச் சிலிக்கோன்கூட நம்பும்படி ஒட்டாது, பியூட்டைல் சுத்தமாக ஒட்டாது. போய்விட்டதா என்று பார்க்க, காடியில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுங்கள். மை சீராகப் படிந்தால் சுத்தம். திட்டுத்திட்டாக ஒதுங்கிச் சுருங்கினால் சிலிக்கோன் இன்னும் இருக்கிறது.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். முன்கண்ணாடி மாற்றும் கடையில் பழைய பசையை முழுக்க எடுப்பதில்லையே, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டு வெட்டி அதன் மேல்தானே புதியதை வைக்கிறார்கள் என்று. உண்மைதான், அது சரியான முறையும்கூட. அங்கே இருப்பது பாலியூரிதேன், இறுகி பாடியோடு ஒன்றாகிவிட்டது. புதிதாக வெட்டிய அதன் முகத்தில் புது பாலியூரிதேன் வேறெதையும்விட நன்றாகப் பிடிக்கும். இறுகாத பியூட்டைலுக்கும் எதையும் ஒட்டவிடாத சிலிக்கோனுக்கும் அந்தச் சலுகை கிடையாது.

இப்போது உங்கள் கேள்வி. எந்தப் பசை?

என் கட்சி பியூட்டைல்தான். கயிறாக, சுருளாக விற்கிறார்கள். ஹெட்லைட் வேலை செய்யும் கடைகளில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். 40 சென்டிமீட்டர் நீளமுள்ள அக்ரிலிக், நிழலிலிருந்து வெயிலுக்கு வந்து 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகவே நீளும். அதே நீள இரும்புத் தகடு அதில் ஆறில் ஒரு பங்குதான் நீளும். தினமும் ஒரு முறை இப்படி நீண்டு சுருங்கும் பொருளை, கூடவே நகரும் பசைதான் பிடித்து வைக்க முடியும். எபாக்ஸி இறுகிப்போய் ஏதாவது ஓரிடத்தில் விட்டுவிடும், இல்லாவிட்டால் லென்ஸை வெடிக்கவைக்கும். உடனடியாக ஒட்டும் சின்ன ட்யூப் பசையின் ஆவி லென்ஸின் உட்புறம் வெள்ளையாகப் படியும், அதைத் துடைக்கவும் முடியாது. நாளைக்கு விளக்கை மறுபடி திறக்க வேண்டி வந்தால் பியூட்டைல் ஒன்றுதான் வழிவிடும். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பழுது பார்த்த பொருள் மறுபடி பழுது பார்க்கும்படி இருக்க வேண்டும்.

பியூட்டைல் கிடைக்கவே இல்லை, சிலிக்கோன்தான் என்றால், டப்பாவில் 'நியூட்ரல்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஹார்டுவேர் கடையில் கண்ணாடிக்கும் குளியலறைக்கும் தரும் சாதாரண வகை இறுகும்போது வினிகர் வாடை வரும். அது அசிட்டிக் அமிலம். மூடிய விளக்குக்குள் அந்த ஆவி ரிஃப்ளெக்டரின் அலுமினியத்தையும் ஹோல்டரின் பித்தளையையும் அரிக்கும். இன்னொன்று, சிலிக்கோன் காற்றில் இருக்கும் ஈரத்தை வாங்கித்தான் இறுகும். மேலிருந்து உள்ளே, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர். மேல்தோல் காய்ந்துவிட்டது என்று மறுநாளே மாட்டிவிட்டீர்கள், அடிக்காடியில் அது அப்போது பச்சையாகவே இருந்திருக்கும்.

வைக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் பசை இல்லாமலே லென்ஸைக் காடியில் உட்காரவைத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே ஆழத்துக்கு இறங்க வேண்டும். எங்காவது தூக்கினால் அங்கே இன்னும் பழையது இருக்கிறது. கூட்டையும் லென்ஸையும் ஃபேன் காற்றில் ஒரு இரவு முழுக்க உலர விடுங்கள், ஈரத்தை உள்ளே வைத்து மூடாதீர்கள். பியூட்டைல் கயிற்றை இழுத்து நீட்டாமல், அறுக்காமல், ஒரே ஓட்டமாகக் காடியைச் சுற்றி வையுங்கள். இரு முனையும் சேரும் இடம் தண்ணீர் தேங்கும் அடிப்பக்கத்தில் வராமல் பக்கவாட்டில் வரட்டும், அங்கே ஒரு விரலளவு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கட்டும். மிதமாகச் சூடு காட்டி, லென்ஸை வைத்து, சுற்றிலும் மாற்றி மாற்றி அழுத்துங்கள். ஒரே மூலையில் க்ளாம்ப் போட்டு நெரித்தால் அந்த இறுக்கம் அக்ரிலிக்கிலேயே தங்கிவிடும். ஆறியதும் திருகாணிகளைப் போடுங்கள்.

காரில் மாட்டுவதற்கு முன் சோதித்துவிடலாம். ஹோல்டர்களை மாட்டி, மூச்சுத்துளையை மட்டும் டேப்பால் தற்காலிகமாக மூடி, வெதுவெதுப்பான தண்ணீர் நிரம்பிய அகலமான தொட்டியில் விளக்கை முக்கிப் பிடியுங்கள். உள்ளிருக்கும் காற்று சூடேறி விரியும். ஒட்டாத இடம் இருந்தால் அங்கிருந்து குமிழி வரிசையாக வரும். பார்த்தவுடன் வெளியே எடுத்துவிட வேண்டும். தண்ணீருக்குள்ளேயே ஆறவிட்டால் அதே ஓட்டை வழியாக உறிஞ்சிக்கொள்ளும். டேப்பை எடுக்க மறக்காதீர்கள்.

டிக்கியில் ஈரவாடை அடிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அது விளக்குக்கு உள்ளே போகும் தண்ணீரால் வருவதல்ல. விளக்குக்கும் பாடித் தகட்டுக்கும் நடுவில் ஒரு ஃபோம் கேஸ்கெட் இருக்கும், இருபது வருடத்தில் அது அமுங்கி அப்பளமாகியிருக்கும். அந்த வழியாக வரும் தண்ணீர் உள்பக்கமாக இறங்கி, ஸ்டெப்னி வைக்கும் குழியில் தங்கித் தகட்டை அரிக்கும். அங்கேயும் இதே கதைதான். பழைய ஃபோமின் மிச்சத்தைத் தகட்டிலிருந்து முழுக்கச் சுரண்டித் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஃபோம் வாங்கும்போது ரப்பர் ஷீட் விற்கும் கடையில், தண்ணீர் குடிக்காத மூடிய துளை வகையைக் கேளுங்கள். சோபாவுக்குப் போடும் ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடித்துத் தேக்கி வைத்துக்கொள்ளும். விளக்கின் பின்னால் இருக்கும் நட்டுகளைக் கையால் மாற்றி மாற்றி முறுக்குங்கள். போல்ட் பிளாஸ்டிக்கில் பதித்தது, ஸ்பானர் போட்டு இறுக்கினால் பிய்ந்து வந்துவிடும்.

ஒருவேளை லென்ஸ் ஏற்கெனவே கோணியிருந்து காடியில் உட்காரவில்லை என்றால், சென்னை வரும்போது புதுப்பேட்டையில் பழைய விளக்கு ஒன்று தேடலாம். அங்கே வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள். லென்ஸும் கூடும் சேரும் விளிம்பைப் பாருங்கள். அங்கே வெளியிலிருந்து யாராவது சிலிக்கோன் பூசியிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். வெளியே பூசிய பசை ஒழுகலை நிறுத்தாது, உள்ளே இருப்பதை மறைக்கத்தான் உதவும்.

கடைசியாக, இடதை முடித்த கையோடு வலதையும் பிரித்துப் புதுப் பசை போட்டுவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள். வலதுபக்க விளக்குக்குள் தண்ணீர் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதன் மூச்சுத்துளையைச் சுத்தம் செய்யுங்கள், ஹோல்டர் ரப்பரைப் பாருங்கள், கேஸ்கெட்டை மட்டும் மாற்றுங்கள். லென்ஸைத் தொட வேண்டாம். இருபது வருடம் நின்ற கம்பெனி ஒட்டு அது, நம் கையால் அதைவிட நன்றாக வைக்க முடியாது.

அன்புடன்.